கடற்கரைப் பனியா, ஏரிக்கரைப் பனியா?

தை பிறக்கும் நேரத்தில் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வரும் கடிதங்கள் பெரும்பாலும் ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன: விடிகாலைப் பனிமூட்டம், நீர்க்கரை, அதில் கறுத்து நிற்கும் மரங்கள். ஒத்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறோம்.

கேள்வி: கடலோரப் பனியில் மரங்கள் வரிசையாய் நிழலுருவாக நிற்கும் படங்களைப் பார்த்து ஆசையாக இருக்கிறது. அதே மாதிரி எடுக்கப் புதுச்சேரி, மரக்காணம் பக்கம் போகலாம் என்று இருக்கிறேன். எந்த மாதம் போனால் நல்ல பனி கிடைக்கும்? (வாசகர், காவேரிப்பட்டணம்)

பதில்: அந்தப் படங்கள் எங்கே எடுக்கப்பட்டவை என்று முதலில் பாருங்கள். கலிஃபோர்னியா, போர்ச்சுகல், நமீபியா என்றுதான் பெரும்பாலும் இருக்கும். அந்தக் கரைகளை ஒட்டியிருப்பது குளிர்ந்த கடல்நீர். ஈரக் காற்று அதன் மேல் தவழ்ந்து வரும்போது அடியிலிருந்து குளிர்ந்து, கடல் மேலேயே கனத்த மூடுபனியாகிறது. காற்று அதைக் கரைக்குத் தள்ளுகிறது. அதனால்தான் கலிஃபோர்னியாவில் கோடைக்காலத்தில் கடற்பனி அதிகம்.

வங்கக் கடலில் நிலைமை நேர் எதிர். மார்கழி, தையில்கூட நம் கரையோரக் கடல்நீர் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். விடிகாலைக் காற்றுதான் அதைவிடக் குளிர்ச்சி. ஆகவே கடலிலிருந்து பனி கிளம்பி வரும் என்று காத்திருக்க வேண்டாம். நம் கரையில் கிடைப்பவை இரண்டு. ஒன்று, இரவில் நிலத்தில் உண்டாகி நிலக்காற்றோடு கரைப் பக்கம் நகர்ந்து வரும் மெல்லிய பனி. இன்னொன்று, அலை உடைந்து தெறிப்பதில் காற்றில் கலக்கும் உப்புத் துகள் தரும் மங்கல். இரண்டிலும் படம் எடுக்கலாம். ஆனால் அடுத்த மரமே மறைந்துபோகும் கனம் கிடைப்பது அபூர்வம். (போகியன்று கனமாகத் தெரியும். அது பாதி புகை. படத்தில் பழுப்படித்து வரும்.)

திசையும் கவனிக்க வேண்டியது. கலிஃபோர்னியாவில் கடல் மேற்கே. அங்கே உதய நேரத்தில் எடுத்த மர நிழலுருக்கள் கடலுக்கு முதுகைக் காட்டி, நிலத்தைப் பார்த்து எடுத்தவை. நமக்குச் சூரியன் கடலிலிருந்தே எழுகிறது. மணலில் இறங்கி நின்றால் மரம் எல்லாம் உங்கள் முதுகுக்குப் பின்னால் போய்விடும். சவுக்குத் தோப்புக்கு மேற்கே, அதாவது ஊர்ப் பக்கம் நின்று, அடிமரங்களின் இடைவெளி வழியே கடலைப் பாருங்கள். தோப்புக்குள் தேங்கியிருக்கும் கொஞ்சப் பனியும் அப்போதுதான் ஒளி வாங்கும். மரக்காணத்தில் உப்பளப் பாத்திகளின் மேற்குப் பக்கம் நின்றாலும் இதே பலன். தேங்கிய நீர் வானத்தைத் திருப்பிக் காட்டும், வரப்புகள் கறுப்புக் கோடாய் ஓடும்.

ஊத்தங்கரை, திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் வழியாகச் சுமார் 200 கிலோமீட்டர். ஜனவரி நடுவில் அங்கே உதயம் 6.35 வாக்கில், வெளுக்க ஆரம்பிப்பது அதற்கு 20, 25 நிமிஷம் முன்பே. முந்தின நாளே போய்த் தங்குவது நல்லது. கடலுக்காகப் போங்கள், தவறில்லை. பனிக்காக என்றால் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. உங்கள் ஊரைச் சுற்றியுள்ள ஏரிகளில் அது கிடைக்கிறது.

கேள்வி: ஏரியில் என்றைக்குப் பனி இறங்கும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியுமா? எங்கே நிற்பது? (கல்லூரி மாணவி, பாலக்கோடு)

பதில்: நிலத்துப் பனிக்கு மூன்று வேண்டும்: இரவு முழுக்கத் தெளிந்த வானம், அசையாத காற்று, மண்ணில் ஈரம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, மார்கழிக் கடைசியிலிருந்து மாசி தொடக்கம் வரை இந்த மூன்றும் அடிக்கடி ஒன்றாக அமையும். தூறல் விழுந்து மறுநாள் வெளுத்தால், அதற்கடுத்த விடியலை விடாதீர்கள். வானிலைச் செயலியில் அதிகாலை 5 மணிக்குரிய வெப்பநிலையையும் பனிநிலையையும் (காற்றின் ஈரம் நீர்த்துளியாகத் தொடங்கும் வெப்பநிலை, dew point) பாருங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் 2 டிகிரிக்குள், காற்று மணிக்கு 5 கிலோமீட்டருக்குள் என்று இருந்தால் அலாரம் வைக்கலாம். மேகமூட்டம் என்று போட்டிருந்தால் தூங்குங்கள்; மேகம் போர்வைபோல் நிலத்துச் சூட்டைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

குளிர்ந்த காற்று கனமானது, பள்ளத்துக்கு வழியும். ஆகவே மேட்டு ஏரியைவிட, சுற்றிலும் சரிவுள்ள தாழ்வான நீர்நிலையே மேலானது. கே.ஆர்.பி. அணையின் நீர்ப்பரப்பு, பாரூர் பெரிய ஏரி, உங்களுக்குப் பக்கமாகப் பஞ்சப்பள்ளி, அரூர் பக்கத்தவர்களுக்கு வாணியாறு எல்லாம் முயலத் தக்கவை. அணைக்கட்டின் மேலேயும் மதகுப் பக்கமும் கேமராவுக்குக் கட்டுப்பாடு இருக்கலாம். முதல் நாளே காவலரிடம் கேட்டுவிடுங்கள்.

நிற்க வேண்டியது மேற்குக் கரை. ஆனால் "கிழக்கு" என்று மொட்டையாக நினைத்துப் போனால் மரம் ஒரு பக்கம், சூரியன் ஒரு பக்கம் என்று ஆகும். நம் மாவட்டங்களில் டிசம்பர் 21 வாக்கில் சூரியன் எழுவது திசைகாட்டியில் சுமார் 114 டிகிரியில், அதாவது நேர் கிழக்கிலிருந்து 24 டிகிரி தெற்கே தள்ளி. ஜனவரி 15இல் 112. பிப்ரவரி 15இல் 103. மார்ச் 21இல்தான் நேர் கிழக்கு. ஒரு மாதத்தில் 9 டிகிரி என்பது சின்ன விஷயமாகத் தெரியும். 100 மீட்டர் தள்ளி நிற்கும் பனைமரத்தின் பின்னால் சூரியனைக் கொண்டுவர, ஜனவரியில் நின்ற இடத்திலிருந்து பிப்ரவரியில் 15 மீட்டர் பக்கவாட்டில் நகர வேண்டும். அந்த 15 மீட்டர் கரையில் இருக்கிறதா, தண்ணீரில் இருக்கிறதா என்பதைப் பகலிலேயே போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நேரத்தைப் பற்றி ஒன்று. நாட்காட்டியில் 6.43 என்று போட்டிருந்தால் 6.43க்குச் சூரியன் தெரியாது. தொடுவானத்தை ஒட்டிப் பார்வை அதிகத் தடிமனான பனியைக் கடக்க வேண்டியிருப்பதால், சூரியன் 3, 4 டிகிரி ஏறிய பிறகே வெளிறிய வட்டமாய்த் தெரியும். இந்த அட்சரேகையில் ஜனவரியில் ஒரு டிகிரி ஏற சுமார் நாலரை நிமிஷம். ஆகவே உதயத்துக்குப் பின் 15 முதல் 25 நிமிஷம்தான் முக்கியமான நேரம். பலர் "இன்றைக்குச் சூரியனே வரவில்லை" என்று ட்ரைபாடை மடிப்பதும் சரியாக அந்த நேரத்தில்தான். வெயில் படத் தொடங்கியதும் காற்று லேசாகக் கலங்கி, பனி சற்று நேரம் இன்னும் கனப்பதும் உண்டு.

கேள்வி: கே.ஆர்.பி. அணை நீர்ப்பரப்பில் எடுத்த படம் இணைத்திருக்கிறேன். 18 மி.மீ., எஃப் 16, ஐஎஸ்ஓ 800, மற்றதெல்லாம் ஆட்டோ. பனி அழுக்குத் துணி மாதிரி சாம்பலாக இருக்கிறது. மரம் கறுப்பாக வராமல் அதுவும் சாம்பல். எக்ஸ்போஷரைக் குறைத்தால் மொத்தமும் இருட்டாகிறது. எங்கே தவறு? (வாசகர், கிருஷ்ணகிரி)

பதில்: இரண்டு தவறுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கின்றன. பிரித்துப் பார்ப்போம்.

பனி அழுக்காகத் தெரிவது கேமராவின் ஒளியளக்கும் மீட்டரால். எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பலாகக் கொண்டுவருவதுதான் கேமரா மீட்டரின் வேலை. பனியோ வெளிர். எனவே சூரியன் சட்டத்துக்குள் இல்லாதபோது எக்ஸ்போஷர் காம்பென்சேஷனைக் கூட்டல் பக்கம் முக்கால் முதல் ஒன்றேகால் ஸ்டாப் வரை ஏற்றுங்கள் (ஒரு ஸ்டாப் கூட்டினால் ஒளி இரு மடங்கு, குறைத்தால் பாதி). சூரிய வட்டம் சட்டத்துக்குள் வந்ததும் மீட்டர் மிரண்டு தானாக இருட்டாக்கும்; அது ஏறஏற ஒவ்வொரு படமும் ஒவ்வொரு விதமாக வரும். அங்கே மேனுவலுக்கு மாறிவிடுவது நல்லது. ஒரு சின்னப் புள்ளியை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரை, கையை நீட்டி மடக்கிய முஷ்டி அகலம் சூரியனிலிருந்து தள்ளியுள்ள பனி வானத்தில் வையுங்கள். காட்டும் அளவைவிட ஒரு ஸ்டாப் கூட்டி ஷட்டரை அமையுங்கள். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை மறுபடி பாருங்கள். உதய நேரத்தில் ஒளி வேகமாக மாறும்.

மரம் கறுக்காதது வேறு கதை. பனியில் ஒரு மரம் எவ்வளவு கறுப்பாகத் தெரியும் என்பதைத் தீர்மானிப்பது எக்ஸ்போஷர் அல்ல, தூரம். மரத்துக்கும் லென்ஸுக்கும் நடுவே உள்ள ஒவ்வொரு துளியும் சூரிய ஒளியை வாங்கி உங்கள் பக்கம் சிதறுகிறது. அந்த வெளிச்சம் மரத்தின் கறுப்பின் மேல் வந்து படிகிறது. தூரம் கூடக்கூடக் கறுப்பு மடமடவென்று கரைகிறது. உங்கள் படத்தில் மரங்கள் நிற்கும் தூரத்தைப் பார்த்தால், அன்றைய பார்வை எல்லையின் விளிம்பிலேயே அவை நிற்கின்றன. அவற்றை எந்த அமைப்பாலும் கறுப்பாக்க முடியாது.

கணக்கு இதுதான். முதலில் பார்வை எல்லையை அளங்கள். நம் கிராமத்து மின்கம்பங்கள் பொதுவாக 40, 50 மீட்டருக்கு ஒன்று நிற்கும். எத்தனையாவது கம்பம் வரை மங்கலாகவாவது தெரிகிறது என்று எண்ணுங்கள். நாலு கம்பம் என்றால் எல்லை ஏறக்குறைய 200 மீட்டர். அந்த எல்லையில் எட்டில் ஒரு பங்கு தூரத்தில், அதாவது 25 மீட்டரில் நிற்கும் மரத்துக்குப் பின்னணியோடு உள்ள வேறுபாட்டில் 60 சதவீதம் மிஞ்சும். நாலில் ஒரு பங்கில், 50 மீட்டரில், 38 சதவீதம். பாதியில், 100 மீட்டரில், 14 சதவீதம்தான். இந்த மூன்று தூரத்திலும் ஒவ்வொரு மரம் கிடைத்தால் படம் தானாக அடுக்கடுக்காக ஆகிவிடும்: முன்னால் கறுப்பு, நடுவில் சாம்பல், பின்னால் மூச்சுவிட்டால் அழிந்துபோகும் சாயல். மூன்றும் ஒரே தூரத்தில் நின்றால் காகிதத்தில் வெட்டி ஒட்டியது மாதிரிதான் இருக்கும்.

லென்ஸும் இதைப் பொறுத்தே. எல்லை 100 மீட்டருக்குள் இருக்கும் கனத்த பனியில் 35 அல்லது 50 மி.மீ. போதும், மரம் 15 முதல் 40 மீட்டருக்குள் நிற்க வேண்டும். அரை கிலோமீட்டர் தெரியும் மெல்லிய பனியில் 135 முதல் 200 மி.மீ. வரை போகலாம், அடுக்குகள் நெருங்கி வரும், சூரியனும் பெரிதாக வரும். சென்சாரில் விழும் சூரிய வட்டத்தின் விட்டம் ஏறக்குறைய லென்ஸின் மி.மீ. எண்ணில் நூறில் ஒரு பங்கு. 200 மி.மீ.இல் சுமார் 2 மி.மீ.; உங்கள் ஏபிஎஸ்-சி (சற்றுச் சிறிய சென்சார்) கேமராவில் அது படத்தின் உயரத்தில் எட்டில் ஒரு பங்கு. 18 மி.மீ.இல் வெறும் புள்ளி. உங்கள் படத்தில் சூரியனைத் தேட வேண்டியிருந்ததற்குக் காரணம் அதுதான்.

எஃப் 16 என்ற சின்னத் துவாரம் எதற்கு? நட்சத்திரக் கதிர் பனிக்குள் வராது, சூரியனே மங்கல். அதனால் மிஞ்சியது சென்சார் தூசி மட்டும். உங்கள் வானத்தில் மேல் இடதில் தெரியும் கறுப்புப் பொட்டுகள் பறவைகள் அல்ல. எஃப் 8க்கு வாருங்கள், ஐஎஸ்ஓவை 200க்கு இறக்குங்கள். முதலாவது இரண்டு ஸ்டாப் கூட்டுகிறது, மற்றது இரண்டு ஸ்டாப் குறைக்கிறது. ஷட்டர் மாறவே மாறாது.

கடைசியாக ஹிஸ்டோகிராம், அதாவது படத்தில் இருட்டு இடதிலும் வெளிச்சம் வலதிலும் எவ்வளவு என்று கேமரா காட்டும் வரைபடம். பனிப் படத்தில் வலது பக்கம் மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் ஒரு பெரிய மேடு, சுவரைத் தொடாமல். இடது பக்கம் ஒல்லியாய் ஒரு சின்ன மேடு. அதுதான் உங்கள் முன்மரம். அந்த இடது மேடு இல்லவே இல்லை என்றால் கேமராவைத் திருகாதீர்கள், நாலு அடி முன்னால் நடங்கள்.

கேள்வி: எந்த மரம் நிழலுருவுக்கு நன்றாக வரும்? (வாசகர், பென்னாகரம்)

பதில்: உருவம் தெளிவாகப் பிரியும் மரம். பனை முதலிடம், விசிறித் தலையும் நேர்த் தண்டும் எந்த மங்கலிலும் அடையாளம் தெரியும். ஏரிக்குள் நிற்கும் கருவேலம் அதற்கடுத்து; முள்ளும் கிளையும் சல்லடையாக வரும், நீரில் பிம்பமும் விழும். நெடுஞ்சாலைப் புளியமரங்கள் வரிசையாக வேண்டுமானால் நன்று. கிருஷ்ணகிரி முழுக்க மாமரம்தான், ஆனால் தனி மாமரம் கவிழ்த்த கருங்குண்டுபோல் வரும். தோப்பின் வரிசைகளுக்கு இடையே நீளவாக்கில் பாருங்கள், அடுக்கு கிடைக்கும். (மா பூக்கும் நேரத்துப் பனி உங்களுக்கு அழகு, தோப்புக்காரருக்குச் சாம்பல்நோய்க் கவலை. கேட்டுவிட்டு நுழையுங்கள்.) தென்னையை எடுப்பதானால் ஷட்டர் 1/125க்குக் குறையக் கூடாது, ஓலை ஆடிக்கொண்டே இருக்கும்.

எந்த மரமானாலும் ஒன்றின் தலை இன்னொன்றில் ஒட்டக் கூடாது. கறுப்பும் கறுப்பும் சேர்ந்தால் இரண்டு மரமும் காணாமல்போய் ஒரு மொத்தை மிஞ்சும். இரண்டடி இடதோ வலதோ நகர்ந்து நடுவில் வெளிச்சக் கீற்று தெரியும்படி நில்லுங்கள். மின்கம்பியும் இதே கதைதான். வெயிலில் கண்ணுக்குப் படாத கம்பி பனியில் கோடு போட்ட மாதிரி வரும்.

கேள்வி: கேமரா இல்லை, போன்தான். மரம் கறுக்காமல் இலையெல்லாம் பச்சையாகத் தெரிகிறது. (வாசகர், ஊத்தங்கரை)

பதில்: எச்டிஆர் செய்யும் வேலை. இருட்டை எல்லாம் தூக்கிக் காட்டுவதே நல்லது என்று போன் நினைக்கிறது. அமைப்பில் எச்டிஆர், காட்சியை அடையாளம் காணும் ஏஐ, தானாக வரும் நைட் மோடு மூன்றையும் அணையுங்கள். அணைக்க வழியில்லாத போனில் புரோ மோடுக்குப் போங்கள்: ஐஎஸ்ஓ 50 அல்லது 100, வெள்ளைச் சமநிலை (ஒயிட் பேலன்ஸ்) 5500 கெல்வின், ஷட்டரை மட்டும் கையால் மாற்றுங்கள். ஆட்டோவில்தான் எடுப்பேன் என்றால், சூரியனுக்குப் பக்கத்துப் பனியில் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸ்-எக்ஸ்போஷர் பூட்டு வந்ததும், வெளிச்சச் சறுக்கியைக் கீழே இழுங்கள். மரம் கறுத்துப் பனி இன்னும் வெளிராக இருக்கும் இடத்தில் நிறுத்துங்கள். அகல லென்ஸை விட்டு, 2 அல்லது 3 மடங்கு டெலி லென்ஸ் இருந்தால் அதில் எடுங்கள். விரலால் விரித்துப் பெரிதாக்குவது டெலி அல்ல.

வெள்ளைச் சமநிலையை ஆட்டோவில் விட்டால், உதயத்தின் ஆரஞ்சை ஏதோ கோளாறு என்று நினைத்துப் போன் திருத்திவிடும். கேமராக்காரர்களுக்கும் இது பொருந்தும்: உதயத்துக்கு முந்தைய நீலத்துக்கு 4200 வாக்கில், சூரியன் வந்த பிறகு 5500.

கேள்வி: பனியில் ஆட்டோஃபோகஸ் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருக்கிறது. (வாசகர், காரிமங்கலம்)

பதில்: பிடித்துக்கொள்ள அதற்கு ஒரு விளிம்பு வேண்டும். ஒற்றை ஃபோகஸ் புள்ளியை முன்மரத்தின் தண்டும் பனியும் சந்திக்கும் ஓரத்தில் வையுங்கள். கிடைத்ததும் மேனுவலுக்கு மாற்றி, லைவ் வியூவில் 10 மடங்கு பெரிதாக்கிச் சரிபார்த்து, வளையத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். டெலி லென்ஸோடு கண்ணாடி வியூஃபைண்டரில் சூரியனைப் பார்க்க வேண்டாம்; பனி நொடியில் விலகும், கண்ணுக்கு ஆபத்து. திரையிலேயே பாருங்கள்.

கேள்வி: லென்ஸ் மேல் ஆவி படிந்து ஒரு மணி நேரம் வீணாகிறது. ஓசூரில் ஒரு விதம், கடற்கரையில் ஒரு விதம். ஏன்? (வாசகர், ஓசூர்)

பதில்: காரணம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்: காற்றின் பனிநிலையைவிடக் கண்ணாடி குளிர்ந்திருக்கிறது. எப்படிக் குளிர்ந்தது என்பதில்தான் வித்தியாசம்.

கடற்கரையில் குளிரூட்டிய அறையில் 20 டிகிரியில் தூங்கிய கேமராவை, ஈரம் கனத்த காற்றில் திறக்கிறீர்கள், உடனே படிகிறது. இரவே கேமராப் பையை அறையின் குளிர்ச்சி படாத இடத்தில் வையுங்கள். முடியாவிட்டால் வெளியே போனதும் பையைத் திறக்காமல் அரை மணி நேரம் விடுங்கள். அவசரத்தில் துடைத்தால் துடைக்கத் துடைக்கத் திரும்பப் படியும். கூடவே உப்பும் தேயும்.

ஓசூர், தளி பக்கம் இரவெல்லாம் திறந்த வானத்தைப் பார்த்து நிற்கும் லென்ஸ் தன் சூட்டை மேலே விட்டுவிட்டுக் காற்றைவிடக் குளிர்ந்துபோகிறது. புல் மேல் பனி படிவதும் இப்படித்தான். ஹூட் மாட்டுங்கள், காத்திருக்கும்போது லென்ஸைத் தரையைப் பார்த்துச் சாய்த்துவையுங்கள். வான்படம் எடுப்பவர்கள் பயன்படுத்தும், பவர் பேங்கில் ஓடும் சூட்டுப் பட்டை இருந்தால் லென்ஸைச் சுற்றிக் கட்டலாம். திரும்பும்போது பிரச்சினை தலைகீழ்: குளிர்ந்த கேமராவைச் சமையல் நடக்கும் வீட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள். ஜிப் பையில் போட்டு மூடி உள்ளே எடுத்துப் போங்கள். நீர் பைக்கு வெளியேதான் படியும்.

கேள்வி: மரத்தின் வழியாகக் கதிர்கள் பிரிந்து விழும் படம் எப்போது கிடைக்கும்? (வாசகர், பாப்பாரப்பட்டி)

பதில்: பனி விலகத் தொடங்கும் நேரத்தில், பெரும்பாலும் 7 முதல் 8 மணிக்குள். கனத்த பனியில் ஒளி எல்லாப் பக்கமும் பரவிவிடும், கதிர் பிரியாது. சூரியனைக் கிளையோ தண்டோ சரியாக மறைக்கும்படி நில்லுங்கள். இலைகளின் நிழல்தான் கதிர்களைப் பிரித்துக் காட்டுகிறது. அரை அடி நகர்ந்தாலும் போய்விடும். சூரியனை எதிர்நோக்கினால் மட்டுமே தெரியும், முதுகுக்குப் பின்னால் சூரியன் இருந்தால் வெறும் வெள்ளைப் பனிதான்.

கேள்வி: தளி, ஜவளகிரி ஏரிகளில் பனி அருமை என்கிறார்கள். தனியாகப் போகலாமா? (வாசகர், இராயக்கோட்டை)

பதில்: வேண்டாம். தேன்கனிக்கோட்டை, ஜவளகிரி, அஞ்செட்டி காட்டோரங்களில் ராகி முற்றும் பருவமும் பனிப் பருவமும் ஒன்று. யானைகள் இரவில் வயலுக்கு வந்து விடியலில் காடு திரும்பும், வழியில் ஏரியில் இறங்கும். முப்பது மீட்டரில் யானை நின்றாலும் பனியில் தெரியாது. ஊருக்குள் உள்ள ஏரிக்கு, உள்ளூர்க்காரர் ஒருவரோடு, முந்தின இரவு யானை நடமாட்டம் இருந்ததா என்று கேட்டுவிட்டுப் போங்கள். காட்டுக்குள் அனுமதியின்றி நுழையவே கூடாது. ட்ரோனும் வேண்டாம்; பனிக்குள் போன நொடியே கண்ணை விட்டு மறையும், ஈரம் மோட்டாரில் இறங்கும்.

கேள்வி: கடலில் அலையை மிருதுவாக்கி, மேலே மரம் கூர்மையாக வர வேண்டும். ஷட்டர் எவ்வளவு? (வாசகர், மத்தூர்)

பதில்: இரண்டும் முரண்படும் ஆசை. அலையின் கோடுகள் இழுபட்டுத் தெரிய அரை முதல் 2 விநாடி வேண்டும். 1/60இல் சரியாக வரும் காட்சிக்கு 6 ஸ்டாப் என்டி ஃபில்டர் (ஒளியைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி) போட்டால் 1 விநாடி. 10 ஸ்டாப் போட்டால் 17 விநாடி, அலை பால்போல் ஆகிவிடும், எங்கள் கண்ணுக்கு அது கடலாகவே தெரிவதில்லை. ஒரு விநாடியில் சவுக்கின் நுனிகள் மங்கும். ட்ரைபாடை அசைக்காமல், ஃபில்டர் போடுமுன் மரத்துக்காக 1/125இல் ஒரு படம், பிறகு அலைக்காக ஒரு விநாடியில் ஒரு படம் எடுத்து, கணினியில் சேருங்கள்.

மணலில் ட்ரைபாடின் கடைசித் தண்டை முதலில் நீட்டுங்கள். பூட்டு மணலுக்கு மேலே இருக்கும். அலை வந்து கால் புதைந்தால் படம் ஆடும், ஆகவே முன்கூட்டியே அழுத்திப் புதைத்துவிடுங்கள். வீடு திரும்பியதும் கால்களை நல்ல தண்ணீரில் கழுவிப் பூட்டுகளைத் திறந்து காயவையுங்கள். உப்போடு மடித்துவைத்தால் அடுத்த தையில் திறக்காது. லென்ஸ் முன் யூவி ஃபில்டர் கடலுக்கு மட்டும் கட்டாயம். உப்புத் துளியை உலர்ந்த துணியால் தேய்க்காதீர்கள். ஈரத் துணியால் ஒற்றியெடுத்த பிறகே மைக்ரோஃபைபர்.

கேள்வி: ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். வாடிக்கையாளர்கள் கொண்டுவரும் பனிப் படங்களை 12க்கு 18 அங்குலத்தில் அச்சிட்டால் வானத்தில் படிப்படியாகக் கோடு விழுகிறது; திரையில் பளிச்சென்று இருந்தது தாளில் மந்தமாக இருக்கிறது. (வாசகர், அரூர்)

பதில்: கோடு விழுவதற்கு முக்கியக் காரணம் ஜேபெக்கை இழுத்தது. ஒரு நிறத்துக்கு 256 படிதான் ஜேபெக்கில். பனி அதில் நடுவே ஒரு சின்னப் பகுதியில் அடங்கிவிடுகிறது. அதை விரித்தால் படிகளின் இடைவெளி கண்ணுக்குத் தெரிகிறது. ராவ் கோப்பு (கேமரா பதிவுசெய்த திருத்தாத மூலக் கோப்பு) கேளுங்கள், 16 பிட்டில் திருத்தி, கடைசியில் மட்டும் ஜேபெக் ஆக்குங்கள். ஜேபெக்தான் இருக்கிறது என்றால், திருத்தம் முடிந்ததும் மெல்லிய கிரெய்ன் (பொடிப் புள்ளிகள்) சேருங்கள். தாளில் கிரெய்ன் தெரியாது, கோடு மறையும்.

டீஹேஸ் சறுக்கியைத் தொடாதீர்கள். காசு கொடுத்து, தூக்கம் கெட்டுப் பிடித்த பனியை அழிக்கும் கருவி அது. சூரியனைச் சுற்றி அழுக்கு வளையமும் வரும். செய்ய வேண்டியது ஒன்றுதான்: கறுப்புப் புள்ளியை முன்மரத்தின் அடித்தண்டு வரை மட்டும் இறக்குவது. பின்வரிசை மரங்கள் சாம்பலாகவே இருக்கட்டும்.

தாளைப் பொறுத்தவரை, மேட் தாளில் ஆழ்ந்த கறுப்பு வராது. முன்மரம் சாம்பலடிக்கும், அதனால் பின்வரிசையோடு உள்ள இடைவெளி குறைந்து படம் தட்டையாகும். லஸ்டர் அல்லது பளபளப்புத் தாள் போடுங்கள். உங்கள் மானிட்டர் வெளிச்சம் அதிகமாக இருப்பதும் மந்தத்துக்குக் காரணம். அதைக் குறைத்துவிட்டு, படத்தின் வானமும் முன்மரமும் சேர்ந்து வரும் ஒரு பகுதியை மட்டும் 4க்கு 6இல் சோதித்துப் பாருங்கள். 12க்கு 18க்கு 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) 19 மெகாபிக்சல் வேண்டும் என்று சொல்லி வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. பனிப் படத்தில் நுணுக்கம் குறைவு. 200 டிபிஐ, அதாவது 8.6 மெகாபிக்சல் இருந்தாலே போதும். இரைச்சல் நீக்கும் மென்பொருளை மட்டும் கிளைகளின் மேல் ஓடவிடாதீர்கள், கருவேல முள்ளெல்லாம் மெழுகாகிவிடும். வானத்தை மாஸ்க் செய்து அங்கே மட்டும் ஓட்டுங்கள்.